எறிகிற கைக்கு யார் கணக்குப்பிள்ளை?

"வலி எடுத்தாத்தான் சார் கை வலுவாவும்." எங்கள் ஊர் மைதானங்களில் இந்தப் பேச்சை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலூர் நேதாஜி ஸ்டேடியம் பக்கம் நடைக்குப் போனாலும் காதில் விழும், டீக்கடையில் நின்றாலும் விழும். சொல்கிறவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. விடியற்காலையில் வண்டியை உதைத்துக் கிளம்பி வந்து, சொந்தக் காசில் பந்து வாங்கி, ஊர்ப் பிள்ளைகளை ஓட வைக்கிறவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து ஓடினால் தொடை பிடித்துக்கொள்ளும், இரண்டு நாளில் விடும், அப்புறம் அதே தூரம் சர்வசாதாரணமாகிவிடும். அது தசையின் சமாச்சாரம். 13 வயதுப் பையன் முழங்கையின் உள்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதையே சொன்னால் என்ன அர்த்தம்? அவனுக்கு வலிப்பது பெரும்பாலும் தசை இல்லை, இன்னும் முற்றாத எலும்பு.

என் அக்கா பையன் அப்படி நின்றபோதுதான் இந்த விஷயம் எனக்குள் புகுந்தது. இன்னும் வெளியே போகவில்லை. வீட்டில் தைலம் தடவினார்கள். பாட்டி, சுளுக்காக இருக்கும், சேண்பாக்கத்தில் ஒருத்தர் நன்றாக வழிப்பார் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். வேலூர்க்காரர்களுக்கு எலும்பு என்றால் முதலில் புத்தூர்தானே ஞாபகம் வரும். இவனோ, "கொஞ்சமாத்தான் மாமா வலிக்குது, பந்து வீசி முடிச்ச அப்புறம்தான் வலிக்குது" என்று எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவனுக்கு ஜோன் (மண்டல) மேட்ச்.

இவன் ஆடுவது பேஸ்பால். கிரிக்கெட்டும் ஆடுவான், அதுதான் அவனுக்கு உயிர். பேஸ்பால் அவனைத் தேடி வந்த ஆட்டம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் உண்டு, ஆனால் ஆடத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. அதனால் பி.டி. மாஸ்டர் கிரிக்கெட் ஆடுகிற பையன்களில் யார் பவுண்டரியிலிருந்து ஸ்டம்புக்கு நேராக எறிகிறான் என்று பார்ப்பார். அவன்தான் பிட்சர், பேஸ்பாலில் பந்து வீசுகிறவன். கிரிக்கெட்டில் மாவட்ட அணிக்குப் போகவே ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், இதில் சீக்கிரம் மாநில அளவுக்குப் போகலாம், சான்றிதழ் கிடைக்கும், நாளைக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும். இந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருகிற அப்பாவுக்கு அது பெரிய விஷயம்.

மூன்று பேர், மூன்று பதில்

கடைசியில் எலும்பு டாக்டரிடம்தான் போனோம். இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலிக்கிறது வலது கைதானே, இடது எதற்கு என்று அக்கா கேட்டாள். இந்த வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எலும்பு ஒவ்வொரு கட்டத்தில் வளர்ந்துகொண்டிருக்கும், அவன் கையை அவனுடைய இன்னொரு கையோடுதான் ஒப்பிட முடியும் என்றார். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைக்கும் மேல்கை எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இருட்டுக் கோடு. இடது கையில் அது நூல் மாதிரி. வலது கையில் கொஞ்சம் அகலம். அந்தக் கோடுதான் வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்பால் ஆனது, அது மூடி எலும்போடு எலும்பாக 15, 16 வயது ஆகும்.

பந்தை எறிய கை பின்னால் வளைந்து, பிறகு முன்னால் பாய்கிற அந்த நொடியில் முழங்கையின் உள்பக்கம் இழுபடுகிறது. மேல்மட்டத்து பிட்சர்களின் மேல்கை தோள்மூட்டில் சுழலும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. மனித உடம்பில் இதைவிட வேகமாக எதுவும் சுழல்வதாகத் தெரியவில்லை என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். வளர்ந்த ஆளுக்கு இந்த இழுப்பைத் தாங்குவது எலும்பை எலும்போடு கட்டும் தசைநார், அளவு மீறினால் அதுதான் கிழியும். வளரும் பிள்ளைக்குத் தசைநாரைவிடப் பலவீனமான இடம் இந்தக் குருத்தெலும்பு. அதனால் அது விரிசல் விடுகிறது. அமெரிக்காவில் சிறுவர்களின் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரையே இந்த முழங்கை வலிக்கு வைத்துவிட்டார்கள். அவ்வளவு சகஜம்.

அப்புறம் பிசியோதெரபி அறையில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பிசியோ சின்னப் பெண். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா எறிவே?" இவன் முழித்தான். அக்கா, "ஸ்கூல்ல சாயந்திரம் ஒரு மணி நேரம் மேடம்" என்றாள். சந்தேகமாக இருக்கிறதென்று மாஸ்டருக்குப் போன் போட்டோம். அவர், "நாப்பது, அம்பதுக்கு மேல நான் விடறதில்ல சார், நானும் படிச்சிருக்கேன்" என்றார். கொஞ்சம் கோபம் கூட. கிரிக்கெட் கோச்சைக் கேட்டோம். காலையில் நெட்டில் ஆறு ஓவர், எட்டு ஓவர், அவ்வளவுதான் என்றார். மூன்று பேர் சொன்னதும் உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை.

அந்தப் பெண் இவனையே மறுபடி கேட்டாள், எழுந்ததிலிருந்து தூங்கும்வரை சொல்லு என்று. காலையில் நெட்டில் எட்டு ஓவர். அது முடிந்ததும் ஃபீல்டிங் பயிற்சி, பவுண்டரியிலிருந்து கீப்பருக்கு எறிவது, அதை யாரும் எண்ணுவதில்லை. பள்ளி இடைவேளையில் ரப்பர் பந்து. சாயந்திரம் மாஸ்டரின் ஐம்பது, அதற்கு முன்னால் கையைச் சூடு பண்ண ஒரு முப்பது. பிட்ச் செய்து முடித்ததும் இன்னொரு பையன் வீச, இவனே கேட்சர், ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் டென்னிஸ் பால் பந்தயம், அதில் இவன்தான் முதல் ஓவர், கடைசி ஓவர். அவள் கூட்டிக்கொண்டே போனாள். இருநூறைத் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டாள். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இந்தப் பையனைச் சுற்றி அக்கறையுள்ள பெரியவர்கள் இத்தனை பேர். ஒவ்வொருவரும் தன் பங்கை அளவாகத்தான் கொடுத்திருக்கிறார். கூட்டிப் பார்க்கிற வேலை மட்டும் யாருடையதும் இல்லை. போதாததற்கு, கை நன்றாக இருக்கிற பையனைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். சுமாராக எறிகிற பையனின் முழங்கை பத்திரமாக இருக்கிறது, அவனை யாரும் தொந்தரவு பண்ணுவதில்லை.

நான் இருப்பது சத்துவாச்சாரி. 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் பிறந்த ஊர். எங்கள் பக்கத்தில் பளு தூக்குகிற எந்தப் பையனை நிறுத்திக் கேட்டாலும் நேற்று எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று மூச்சு விடாமல் சொல்வான். பளு கண்ணுக்குத் தெரிகிறது, தட்டில் எண் அச்சடித்திருக்கிறது. பேஸ்பால் பந்தின் எடையோ 150 கிராமுக்குள், அதில் என்ன பாரம் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

வலியைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்தது

வலி பழகிவிடும் என்று வேலூரில் நின்றுகொண்டு சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த ஊர்களில் ஒன்று இது. 1940-களின் கடைசியில் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்கிற தசைநாணை (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) மாற்றிப் பொருத்தி மறுபடி நிமிர வைத்தார். அப்போதெல்லாம் நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் கண்டது வேறு. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள். விரல் போவது அந்தக் காயங்களால்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு அவர் இதை இன்னும் துருவினார். ஒரே ஒரு பெரிய அடி மட்டுமில்லை, மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரம் தடவை விழுந்தாலும் திசு வெந்து புண்ணாகும் என்று காட்டினார். நமக்கு ஏன் நடந்து நடந்து கால் புண்ணாவதில்லை? களைத்ததும் நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம், பாரத்தை வேறு இடத்துக்குத் தள்ளுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். உணர்ச்சியற்ற கால் முதல் அடியை எப்படி வைத்ததோ அப்படியேதான் கடைசி அடியையும் வைக்கும்.

வலியை மதிக்காதே என்று பழக்கப்பட்ட பையனும் அப்படித்தான் எறிகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர்கள் இப்படி ஒப்பிடுவார்களா, தெரியாது. ஆனால் பேஸ்பால் ஆராய்ச்சியிலும் களைப்புதான் முதலில் வந்து நிற்கிறது. அலபாமாவின் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ், கிளென் ஃபிளைசிக் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. ஒரு ஆட்டத்தில் சராசரியாக 80-க்கு மேல் வீசியவர்களுக்கு 4 மடங்கு. கை களைத்த பிறகும் அடிக்கடி வீசியவர்களுக்கு 36 மடங்கு. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

எண்ண ஆரம்பித்தவர்கள்

லிட்டில் லீக் ரொம்ப காலம் இன்னிங்ஸ், அதாவது ஆட்டத்தின் சுற்றுக் கணக்கில்தான் வரம்பு வைத்திருந்தது. 2007-ல்தான் பந்து எண்ணிக்கைக்கு மாறியது. 2014-ல் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டு பேஸ்பால் சங்கமான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வயதுவாரியாக வழிகாட்டி போட்டன. ஒரு நாளைக்கு 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. என் கண்ணில் இதைவிட முக்கியம், கூடவே சொல்லும் ஓய்வுக் கணக்கு. 14 வயது வரை 20 பந்துக்குள் என்றால் மறுநாளே வீசலாம். 21-லிருந்து 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள். மாஸ்டரின் ஐம்பதை இதில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையில் அவர் மேல் குற்றமே சொல்ல முடியாது. அதைத் தினமும் போடச் சொல்வதில்தான் இடிக்கிறது.

வழிகாட்டியில் இன்னும் சில: ஒரே சமயத்தில் இரண்டு அணிக்கு ஆடாதே, ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் இருக்காதே, வருஷத்தில் நான்கு மாதம் எறிவதற்கே லீவு விடு. எங்கள் பையன் மூன்றையும் மீறியிருக்கிறான். அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. புளோரிடாவில் உயர்நிலைப் பள்ளி பிட்சர்களை ஆட்ட நாளில் உட்கார்ந்து எண்ணிய ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. சூடு பண்ண வீசியது, இன்னிங்ஸ் நடுவில் வீசியது எல்லாம் சேர்த்தால், பிட்ச் செய்ததில் நூற்றுக்கு 42 எந்தக் கணக்கிலும் வரவில்லை. அத்தனை விதி இருக்கிற ஊரிலேயே இந்த நிலை என்றால் பாலாற்று மணலை யார் எண்ணப்போகிறார்கள்?

ஜப்பான் கதை இன்னும் சங்கடமானது. அங்கே கோஷியென் மைதானத்தில் நடக்கும் பள்ளிப் போட்டி தேசத் திருவிழா. 1998-ல் டைசுகே மட்சுசாகா என்ற பையன் கால் இறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசினான். மறுநாள் அரையிறுதியிலும் கடைசி இன்னிங்ஸ் வீச வந்தான், அதற்கு அடுத்த நாள் இறுதியில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. நாடே கொண்டாடியது. பிறகு அமெரிக்கா போய்ப் பெயரும் வாங்கினார், 2011-ல் முழங்கையை அறுத்துத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. 2018-ல் கோசெய் யோஷிதா ஒரே போட்டித்தொடரில் 881 பந்து வீசிய பிறகு பேச்சு பெரிதானது. 2020-லிருந்து வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வந்தது. அந்த 500-ஐப் பார்த்து அமெரிக்கர்கள் தலையில் கை வைப்பார்கள்.

இங்கே இன்னொரு விபரீத நம்பிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாஸ்டர் வாயிலிருந்தே கேட்டது: "ஆபரேஷன் பண்ணிக்கினா முன்ன விட ஸ்பீடு வரும்னு சொல்றாங்களே சார்?" 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முன்கைத் தசைநாண் ஒன்றை எடுத்து முழங்கைத் தசைநார் இருந்த இடத்தில் கட்டினார். ஜான் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை வீசினார், அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. அந்தப் புகழில் கிளம்பிய நம்பிக்கை இது. ஜோப் செய்தது அறுந்ததைத் திரும்பக் கட்டியது, அவ்வளவே. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். திரும்பி வராதவர்களும் உண்டு, அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

மாஸ்டரின் கேள்வி

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி சார். எங்கிட்ட இருக்கிறது பன்னண்டு பசங்க. பிட்ச் போடத் தெரிஞ்சவன் ஒர்த்தன். நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். இதற்குப் பதில் எந்த வழிகாட்டியிலும் இல்லை. தவிர, ஜோன் மேட்ச் வைக்கிறவர்கள் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் போட்டால், ஓய்வு நாள் எங்கிருந்து வரும்? மைதானமும் நடுவரும் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதிப் பாதி கோடை முகாம் மேல் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து பரீட்சை என்று பிள்ளைகள் பந்தையே தொடுவதில்லை. தானாகக் கிடைத்த ஓய்வு, நல்லதுதான். மே மாதம் முகாம் ஆரம்பித்த முதல் நாளே கத்திரி வெயிலில் முழு வேகத்தில் எறியச் சொல்கிறோம். சும்மா இருந்த கையை ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்றுவது, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். முதலில் பக்கத்திலிருந்து, மெதுவாக, அப்புறம் தூரம், அதற்கு அப்புறம் வேகம் என்று வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, மைதானம் கூடத் தேவையில்லை. முகாமின் முதல் வாரம் "ஒண்ணும் சொல்லித் தரல" என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள், அதைத் தாங்குகிற தெம்பு வேண்டும்.

டாக்டர் சொன்னபடி இவன் ஆறு வாரம் பந்தைத் தொடவில்லை, ஜோன் மேட்சை வேலியோரம் நின்று பார்த்தான். அந்த நாட்களில் பிசியோ கையை விட்டுவிட்டு காலையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டில் பலகை போலக் கிடப்பது, தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தசைகளுக்கு ரப்பர் பட்டை. எறிகிற வேகத்தில் பெரும்பங்கு காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கிளம்பித்தான் கைக்கு வருகிறது, அவை சோர்ந்தால் கை தனியாக இழுக்கும் என்று அவள் விளக்கினாள். கிரிக்கெட்டில் வேகம் போடுகிறவனுக்கும் இதே பாடம்தான், உடையும் இடம் மட்டும் வேறு. அங்கே முழங்கையை மடக்கி நீட்டி எறியக்கூடாது என்பதால் பாரம் கீழ்முதுகில் இறங்குகிறது. பும்ராவுக்கு 2019-ல் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்ற மெல்லிய எலும்பு விரிசல், 2023-ல் முதுகு அறுவை சிகிச்சை. நம்ம லட்சுமிபதி பாலாஜி நல்ல ஃபார்மில் இருந்தபோது முதுகால் சில வருஷங்களை இழந்தார். இரண்டு ஆட்டமும் ஆடுகிறவனுக்கு இரண்டு இடமும் பயம்.

இப்போது அக்கா வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் ஒரு எண் எழுதப்படுகிறது. காலை, பள்ளி, சாயந்திரம் எல்லாம் சேர்த்து. எழுதுகிறவன் அவன்தான், முதலில் குறைத்து எழுதினான், தங்கச்சி போட்டுக்கொடுத்துவிட்டாள். மாஸ்டர் ஒரு இடதுகைப் பையனைப் பிடித்துப் பழக்க ஆரம்பித்திருக்கிறார். ஸ்ட்ரைக்கே, அதாவது சரியான இடத்தில் பந்தே, விழுவதில்லை என்று புலம்புகிறார், ஆனாலும் பழக்குகிறார். இவனைப் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்துகிறார், அங்கே பிடிக்கிற வேலைதான் அதிகம். பாலாற்றில் டென்னிஸ் பாலை நிறுத்த என்னால் முடியவில்லை. பேரம் பேசி விக்கெட் கீப்பராக்கியிருக்கிறேன். "மாமா, கீப்பருக்கு பெட் காசுல பங்கு கம்மி" என்கிறான். இப்போதைக்கு அந்த வித்தியாசத்தை நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.